தின் வால்யூமும் தரவுத்தளமும்: அழித்த இடம் ஏன் திரும்பி வருவதில்லை

தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்பவர் தன் திரையைப் பார்த்து, "4 டிபி வால்யூம், இதில் பாதிகூட நிரம்பவில்லை" என்கிறார். (வால்யூம் என்பது சர்வருக்கு ஒரு டிஸ்காகத் தெரியும் சேமிப்புப் பகுதி.) ஸ்டோரேஜைக் கவனித்துக்கொள்பவர் தன் திரையைப் பார்த்து, "அந்த வால்யூமுக்கு 3.8 டிபி ஏற்கெனவே போய்விட்டது" என்கிறார். யாரோ ஒருவர் தப்பாகப் பார்க்கிறார் என்றுதான் சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் இரண்டு எண்ணும் சரி. இருவரும் எண்ணுவது வேறு வேறு பொருளை.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம், தின் புரொவிஷனிங்கை, அதாவது வால்யூமின் அளவைப் பெரிதாகக் காட்டிவிட்டு உண்மையான இடத்தைப் பின்னால் ஒதுக்கும் முறையை, ஒரே வரியில் விளக்கிவிடும் பழக்கம்தான்: "தேவைப்படும்போது மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேவை என்று யார் தீர்மானிக்கிறார்கள், தேவை தீர்ந்தபின் அந்த இடம் என்ன ஆகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அந்த வரி தொடுவதே இல்லை. சிலர் இதைத் தரவைச் சுருக்கி வைக்கும் கம்ப்ரஷனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சிலர் தரவுத்தளக் கோப்பு தானாக வளரும் வசதியும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். மூன்றும் வேறு.

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். தின் வால்யூம் உங்கள் தரவை எண்ணுவதில்லை. இதுவரை எழுதப்பட்ட முகவரிகளை எண்ணுகிறது.

## தாள் கொடுக்கும் மேசை

ஒரு வகுப்பில் ஆளுக்கு 200 பக்க நோட்டு என்று சொல்லிவிட்டு, வெறும் அட்டையை மட்டும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே தாள் கிடையாது. ஒரு மாணவர் "17ஆம் பக்கத்தில் எழுதப் போகிறேன்" என்று சொன்னதும், மேசையில் இருப்பவர் பொதுக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்த இடத்தில் செருகிக் கொடுப்பார். பக்கத்துக்கு ஒரு தாள். மாணவர்கள் 10 பேர், அதாவது கணக்குப்படி 2,000 பக்கம். கட்டில் இருப்பதோ 800 தாள்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் நோட்டை நிரப்பிவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வண்டி ஓடுகிறது.

இப்போது அந்த மாணவர் 17ஆம் பக்கத்தில் எழுதியதை ரப்பரால் அழித்துவிடுகிறார். தாள் கட்டுக்குத் திரும்புமா? திரும்பாது. அழித்தது மேசையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அவர் குறிப்பில் "17: தாள் கொடுத்தாயிற்று" என்று மட்டும்தான் இருக்கிறது. மாணவர் அதே பக்கத்தில் மறுபடி எழுதினால் புதுத் தாள் வேண்டாம். 18ஆம் பக்கத்துக்குப் போனால் வேண்டும்.

இரண்டு மாணவர்கள் ஒரே அளவு எழுதுகிறார்கள். ஒருவர் பழையதை அழித்துவிட்டு அதே 10 பக்கங்களுக்குள் எழுதுகிறார். மற்றவர் ஒவ்வொரு முறையும் புதுப் பக்கத்துக்குப் போகிறார். கடைசியில் இருவர் நோட்டிலும் இருக்கும் எழுத்து ஒரே அளவு. ஆனால் ஒருவரிடம் 10 தாள், மற்றவரிடம் 200 தாள். தாள் கட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால், "இந்தப் பக்கம் எனக்கு இனி வேண்டாம்" என்று மாணவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

## நிஜத்தில் நடப்பது

அட்டைதான் தின் வால்யூம்: சர்வருக்கு 4 டிபி என்று காட்டப்படும், ஆனால் பின்னால் இடம் ஒதுக்கப்படாத டிஸ்க். தாள் கட்டுதான் பூல்: பல வால்யூம்கள் பங்கிட்டுக்கொள்ளும் உண்மையான சேமிப்பு. மேசைக் குறிப்புதான் மேப்பிங் அட்டவணை: வால்யூமின் எந்த முகவரிக்குப் பூலின் எந்தத் துண்டு கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவு.

சர்வர் ஒரு முகவரியில் முதன்முறையாக எழுதும்போது ஸ்டோரேஜ் கருவி இந்த அட்டவணையைப் பார்க்கிறது. அந்த முகவரிக்குத் துண்டு இல்லையென்றால் பூலிலிருந்து ஒன்றை எடுத்து இணைக்கிறது. இருந்தால் அதிலேயே எழுதுகிறது. எழுதப்படாத முகவரியைப் படிக்கக் கேட்டால் பொதுவாகப் பூஜ்யங்களைத் திருப்பித் தருகிறது, எந்தத் துண்டையும் செலவழிப்பதில்லை. அவ்வளவுதான் இயக்கம். மேலே இருப்பது தரவுத்தளமா, படங்களா, வெறும் குப்பையா என்று அதற்குத் தெரியாது.

துண்டின் அளவு கருவிக்குக் கருவி மாறும். லினக்ஸில் உள்ள தின் பூலில் 64 கேபி முதல் 1 ஜிபி வரை தேர்ந்தெடுக்கலாம். இந்த அளவு சாதாரண விஷயமில்லை. துண்டு 1 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளம் 8 கேபி பிளாக் ஒன்றை எழுதினாலும் 1 எம்பி போய்விடும். வால்யூம் முழுக்கச் சிதறலாக இப்படி 1,000 பிளாக்குகளை, ஒன்றுக்கொன்று 1 எம்பி இடைவெளியில் எழுதினால், தரவு 8 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு, பூலில் போனது 1,000 எம்பி. அதே 1,000 பிளாக்குகளை அடுத்தடுத்து எழுதியிருந்தால் 8 துண்டில் முடிந்திருக்கும். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே தொல்லைதான்: ஒரு துண்டின் எல்லா முகவரிகளும் காலியாக இருந்தால்தான் அந்தத் துண்டு பூலுக்குப் போக முடியும். நடுவில் ஒரு 8 கேபி உயிரோடு இருந்தால் முழுத் துண்டும் மாட்டிக்கொள்ளும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: முதல்முறை எழுதுவதற்குத்தான் துண்டு செலவாகிறது, அதே இடத்தில் மறுபடி எழுதுவதற்கு இல்லை, அழிப்பதால் எதுவும் திரும்புவதில்லை. இனி தரவுத்தளம் எப்படிப்பட்ட மாணவர் என்று பார்க்கலாம்.

## "அழி" என்ற சொல் எந்த அடுக்கில் சொல்லப்படுகிறது?

ஒரு பெரிய அட்டவணையிலிருந்து பாதி வரிசைகளை நீக்குகிறீர்கள். தரவுத்தளம் என்ன செய்கிறது? அந்த வரிசைகள் இருந்த பக்கங்களில் "இங்கே இடம் இருக்கிறது, பிறகு பயன்படுத்தலாம்" என்று குறித்துக்கொள்கிறது. (பக்கம் என்பது தரவுத்தளம் ஒரே மூச்சில் படித்து எழுதும் அலகு: போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இயல்பாக 8 கேபி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு அடுக்கான இன்னோடிபியில் 16 கேபி.) கோப்பின் அளவு மாறவில்லை. கோப்பு முறைமைக்கு, அதாவது டிஸ்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அடுக்குக்கு, செய்தி போகவில்லை. ஸ்டோரேஜுக்குப் போக வழியே இல்லை.

போஸ்ட்கிரெஸில் வேக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடினாலும் இதே கதைதான். செத்துப்போன வரிசைகளின் இடத்தை அதே அட்டவணையின் மறுபயன்பாட்டுக்கு விடுகிறது. கோப்பின் வால் பகுதியில் தொடர்ச்சியாகக் காலிப் பக்கங்கள் இருந்தால் மட்டும் கோப்பை வெட்டிச் சுருக்கும். நடுவில் உள்ள காலியிடம் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

சரி, அட்டவணையையே நீக்கிவிட்டால்? இங்கே தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறுகிறது. இன்னோடிபியில் அட்டவணைக்கு ஒரு கோப்பு என்ற இயல்பு அமைப்பு இருந்தால் அந்தக் கோப்பே அழிந்துவிடும். போஸ்ட்கிரெஸிலும் அப்படியே. ஆரக்கிளில் பல அட்டவணைகள் ஒரே டேபிள்ஸ்பேஸுக்குள், அதாவது ஒரு தொகுதிக் கோப்புகளுக்குள் இருக்கும். அட்டவணை போனாலும் கோப்பு அப்படியே நிற்கும்.

கோப்பே அழிந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கோப்பு முறைமை தன் வரைபடத்தில் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது. பல கோப்பு முறைமைகள், தனியாகச் சொல்லி வைத்தால் ஒழிய, கீழே இருக்கும் டிஸ்குக்கு எதுவும் சொல்வதில்லை. இப்போது சர்வரில் பார்த்தால் காலியிடம் கூடியிருக்கும். ஸ்டோரேஜ் கருவியில் பார்த்தால் எண் அசைந்திருக்காது.

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த இருவரின் எண்களும் மாறுபடுவது இதனால்தான். தரவுத்தளத்துக்குள், கோப்பு முறைமைக்குள், ஸ்டோரேஜுக்குள் என்று மூன்று தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. வளர்ச்சி மேலிருந்து கீழே தானாகவே இறங்குகிறது. குறைவு தானாக இறங்குவதில்லை.

## உருவாக்கும்போதே நிரம்பிவிடும் கோப்புகள்

ஆரக்கிளில் 500 ஜிபி டேட்டாஃபைல் ஒன்றை உருவாக்குகிறீர்கள். உள்ளே ஒரு வரிசைகூட இல்லை. தின் வால்யூமில் எவ்வளவு போகும்? கிட்டத்தட்ட 500 ஜிபி முழுவதும். ஏனென்றால் ஆரக்கிள் கோப்பை உருவாக்கும்போதே ஒவ்வொரு பிளாக்கையும் எழுதிவிடுகிறது. தலைப்பகுதியில் அந்த பிளாக்கின் முகவரி போன்ற விவரங்களும் உண்டு. நம் மாணவர் முதல் நாளே 200 பக்கத்திலும் பக்க எண்ணும் ஓரக்கோடும் போட்டு வைத்ததற்குச் சமம். தாள் எல்லாம் அன்றே வாங்கியாயிற்று.

"காலி பிளாக் என்றால் பூஜ்யம்தானே, நல்ல ஸ்டோரேஜ் கருவி அதைக் கண்டுபிடித்து ஒதுக்காமல் விட்டுவிடுமே" என்று சிலர் கேட்பார்கள். பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும் வசதி பல கருவிகளில் உண்மையிலேயே உண்டு. ஆனால் தலைப்பகுதி நிரப்பப்பட்ட பிளாக் பூஜ்யமில்லை. அதனால் அந்த வசதி இங்கே உதவாது. சர்வரிலேயே டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்யப்படுகிறது என்றால் பூஜ்யம்கூடப் பூஜ்யமாகக் கீழே போய்ச் சேராது.

எஸ்க்யூஎல் சர்வர் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. உடனடிக் கோப்புத் தொடக்கம் என்ற வசதிக்கான உரிமை அதன் சேவைக் கணக்குக்கு இருந்தால், டேட்டா கோப்பை எழுதி நிரப்பாமல் இடத்தை மட்டும் தன் பெயரில் வாங்கிக்கொள்கிறது. தின் வால்யூமுக்கு இது மிகவும் இணக்கமானது. மாற்றங்களைப் பதிந்துகொள்ளும் டிரான்சாக்ஷன் லாக் கோப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, அது முழுவதும் எழுதி நிரப்பப்படும். 2022 பதிப்பில்தான் 64 எம்பி வரையிலான தானியங்கி வளர்ச்சிக்கு மட்டும் விலக்கு வந்தது.

தற்காலிக வேலைகளுக்கான ஆரக்கிளின் டெம்ப் கோப்பு இன்னொரு விதிவிலக்கு. சில இயங்குதளங்களில் அது உருவாக்கும்போது நிரப்பப்படுவதில்லை, பயன்படுத்தும்போதுதான் இடம் பிடிக்கும். 200 ஜிபி என்று காட்டிவிட்டு உண்மையில் 3 ஜிபி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு பெரிய வரிசையாக்கம் ஒரு இரவில் ஓடினால் போதும், 200 ஜிபியும் எழுதப்பட்டுவிடும். மறுநாள் டெம்ப் காலியாக இருக்கும், பூலில் அந்த 200 ஜிபி ஒதுக்கப்பட்டதாகவே நிற்கும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று தெளிவாகிறது. தின் வால்யூமில் தரவுத்தளம் வைப்பதாக இருந்தால் வால்யூமைப் பெரிதாகக் காட்டலாம், கோப்பைப் பெரிதாக உருவாக்கக் கூடாது. கோப்பைச் சிறிதாகத் தொடங்கி, தானாக வளரும்படி அமைத்து, ஒரு உச்ச வரம்பும் வைத்துவிட வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று முதல் நாளே 2 டிபி கோப்புகளை உருவாக்கிவிட்டு, தின் வால்யூமால் மிச்சமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

## அதே இடத்தில் எழுதுகிறதா, புது இடம் தேடுகிறதா?

என் பார்வையில் இந்த விஷயத்தின் நடுநாயகமான கேள்வி இதுதான். பேசுபவர்கள் பெரும்பாலும் தரவின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள், எழுதும் பழக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆரக்கிளின் ரீடூ லாக், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிந்துகொள்ளும் கோப்பு, ஒரு நிலையான தொகுப்பாகச் சுற்றிச் சுற்றி எழுதப்படுகிறது. நாளுக்கு 500 ஜிபி மாற்றம் நடந்தாலும் தொகுப்பு 20 ஜிபி என்றால் தின் வால்யூமில் 20 ஜிபிதான். போஸ்ட்கிரெஸில் மாற்றங்களை முன்கூட்டியே பதியும் லாக்கும் (WAL) இந்தப் போக்கில்தான்: இயல்பாக 16 எம்பி அளவுள்ள கோப்புகளாக எழுதுகிறது. வேலை முடிந்த பழைய கோப்பைப் பெரும்பாலும் அழிக்காமல், பெயர் மாற்றி அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்கிறது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இந்த மறுபயன்பாட்டை நிறுத்திவைக்கும் அமைப்பும் உண்டு. எதற்கு என்றால், சில கோப்பு முறைமைகள் பழைய கோப்பின் மேல் எழுதச் சொன்னாலும் எப்படியும் புது இடத்தில்தான் எழுதும். அவற்றில் மறுபயன்பாட்டால் லாபமில்லை.

இதற்கு நேர் எதிர், ஆர்க்கைவ் லாக் கோப்புகள், அதாவது நிரம்பிய லாக்கின் சேமித்து வைக்கும் பிரதிகள். புதுப் பெயரில் ஒரு கோப்பு உருவாகும், பேக்கப் எடுத்ததும் அழியும், மறுபடி இன்னொன்று உருவாகும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 50 ஜிபிதான் இருக்கும். ஆனால் கோப்பு முறைமை ஒவ்வொரு புதுக் கோப்பையும் வால்யூமின் வேறு பகுதியில் வைத்தால், சில வாரங்களில் 1 டிபி வால்யூமின் எல்லா மூலைகளும் ஒரு முறையாவது எழுதப்பட்டிருக்கும். சர்வர் 5% என்று காட்டும், ஸ்டோரேஜ் 100% என்று காட்டும்.

ராக்ஸ்டிபி, கஸாண்ட்ரா போன்ற தரவுத்தளங்களில் இது விதிவிலக்கு இல்லை, பிழைப்பே இதுதான். எழுதிய கோப்பைத் திருத்துவதில்லை. புதிய தரவைப் புதுக் கோப்பாக எழுதி, அப்புறம் பல கோப்புகளை ஒன்றாக்கி இன்னொரு புதுக் கோப்பை எழுதி, பழையவற்றை அழிக்கின்றன. இந்த ஒன்றாக்கும் வேலைக்குக் கம்பேக்ஷன் என்று பெயர். எழுத்து வேகத்துக்கு இது அருமையான வடிவமைப்பு. ஆனால் அழித்த இடத்தைக் கீழே சொல்லும் ஏற்பாடு இல்லாமல் தின் வால்யூமில் வைத்தால், வால்யூம் விரைவிலேயே முழு அளவுக்கு ஊதிவிடும்.

ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் மேலே சொன்ன நல்ல பழக்கமும் கெட்டுவிடும். ஸ்னாப்ஷாட் என்பது வால்யூமின் ஒரு நொடி நிலையைப் பிடித்து வைப்பது. பழைய துண்டை ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டிருப்பதால், பல கருவிகளில் அதே முகவரியில் மறுபடி எழுதினாலும் புதுத் துண்டு தேவைப்படும். ஸ்னாப்ஷாட் போகும்வரை பழையது விடுபடாது.

## ஏஎஸ்எம்: நடுவில் நிற்கும் சேமிப்பு மேலாளர்

ஆரக்கிள் 10ஜி பதிப்போடு வந்த ஏஎஸ்எம், கோப்பு முறைமைக்கும் வால்யூம் மேலாளருக்கும் பதிலாக நின்று, டிஸ்குகளை நேரடியாக ஆளும் அடுக்கு. பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரு டிஸ்க் குழு ஆக்குகிறது. அதை ஒதுக்கீட்டு அலகுகளாகப் பிரிக்கிறது: நெடுங்காலமாக இயல்பு அளவு 1 எம்பி. ஒவ்வொரு கோப்பையும் குழுவில் உள்ள எல்லா டிஸ்குகளிலும் சமமாகப் பரப்புகிறது.

பரப்புவது தின் வால்யூமுக்குக் கெடுதல் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. 400 ஜிபியை நான்கு டிஸ்குகளில் பரப்பினால் டிஸ்குக்கு 100 ஜிபி. மொத்தம் அதே 400. பரப்புவதால் மட்டும் எதுவும் கூடுவதில்லை. ஒதுக்கீட்டு அலகும் ஸ்டோரேஜின் துண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது ஓரத்தில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவே.

உண்மையான சிக்கல் ரீபேலன்ஸில் இருக்கிறது. டிஸ்க் ஒன்றைச் சேர்த்தாலோ நீக்கினாலோ தரவை மறுபடி சமமாக்கும் வேலை அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு டிஸ்க், ஒவ்வொன்றிலும் 400 ஜிபி, மொத்தம் 1,600 ஜிபி. இன்னும் நான்கு டிஸ்குகளைச் சேர்க்கிறீர்கள். ரீபேலன்ஸ் முடிந்ததும் எட்டு டிஸ்கிலும் 200 ஜிபி வீதம் இருக்கும், மொத்தம் மாறாமல் 1,600. ஆனால் ஸ்டோரேஜின் கணக்கு? பழைய நான்கு டிஸ்குகளில் 400 ஜிபி எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். புதிய நான்கில் 200 வீதம் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. 1,600, அதோடு 800, ஆக 2,400 ஜிபி. ஒரு வரிசைத் தரவுகூடக் கூடாமல் பூலில் 800 ஜிபி போய்விட்டது. இடம் போதவில்லை என்று டிஸ்க் சேர்க்கப் போய், பூலை நெருக்கடிக்குள் தள்ளிவிடுவது இப்படித்தான். பழைய டிஸ்குகளில் விடுபட்ட இடம் வீணாகவில்லை என்பது உண்மை. தரவு வளரும்போது ஏஎஸ்எம் அதை நிரப்பிக்கொள்ளும். ஆனால் அதுவரை அது வேறு யாருக்கும் கிடைக்காது.

இதைத் திருப்ப முதலில் வந்த வழி ஏஎஸ்ஆர்யூ என்ற சிறு கருவி. அது செய்தது எளிமையான மூன்று படி: ஏஎஸ்எம் டிஸ்குகளைத் தற்காலிகமாகச் சுருக்கித் தரவை எல்லாம் முன்பக்கமாக ஒதுக்கும், பின்னால் விடுபட்ட இடம் முழுவதும் பூஜ்யத்தை எழுதும், பிறகு டிஸ்குகளைப் பழைய அளவுக்கு விரிக்கும். பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்டோரேஜ் கருவி அந்தத் துண்டுகளைப் பூலுக்கு எடுத்துக்கொள்ளும். நோட்டில் வெற்றுத் தாளாக இருப்பதை மேசைக்காரர் தாமே பார்த்து உருவிக்கொள்வது போல. வேலை செய்யும், ஆனால் நூற்றுக்கணக்கான ஜிபி பூஜ்யத்தை எழுத வேண்டிய சுமை இருக்கிறது.

ஆரக்கிள் 12.2 பதிப்பில் டிஸ்க் குழுவுக்கே ஒரு பண்பு வந்தது. அதன் பெயரே தின் புரொவிஷண்டு. இயல்பாக அணைந்திருக்கும். இயக்கி வைத்தால், ரீபேலன்ஸின் கடைசியில் தரவை ஒருபக்கமாக நெருக்கும் கட்டம் முடிந்ததும், காலியான இடங்களை ஏஎஸ்எம்மே ஸ்டோரேஜுக்குச் சொல்லிவிடும். அந்தப் பதிப்பில், லினக்ஸில் ஏஎஸ்எம் ஃபில்டர் டிரைவர் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக டிஸ்குகளை இணைத்திருந்தால் மட்டுமே இது நடந்தது. இதில் கவனிக்க வேண்டியது: சொல்வது ரீபேலன்ஸின்போது மட்டும்தான். கோப்பை அழித்த அந்த நொடியில் எதுவும் போகாது.

## "வேண்டாம்" என்று சொல்லும் கட்டளை

வேண்டாத முகவரிகளைக் கீழே அறிவிப்பதற்குப் பொதுப் பெயர் டிஸ்கார்ட். ஸ்கஸி டிஸ்குகளில் அன்மேப் என்ற கட்டளையாகவும், சாட்டா எஸ்எஸ்டிகளில் டிரிம் என்ற கட்டளையாகவும் அது போகிறது. பெயர்கள் பல, செய்தி ஒன்று.

லினக்ஸில் இதற்கு இரண்டு வழி. கோப்பு முறைமையை டிஸ்கார்ட் விருப்பத்தோடு மவுண்ட் செய்தால் கோப்பு அழியும்போதே செய்தி போகும். அல்லது எஃப்எஸ்டிரிம் (fstrim) கட்டளையை அவ்வப்போது ஓட்டினால் காலியாக உள்ளதெல்லாம் மொத்தமாகப் போகும். பல லினக்ஸ் தொகுப்புகளில் இதற்கான வாராந்தர டைமர் தயாராகவே இருக்கிறது. தரவுத்தளச் சர்வருக்கு நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். பெரிய கோப்பு அழியும் நேரமும் தரவுத்தளம் பரபரப்பாக இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், உடனுக்குடன் போகும் டிஸ்கார்ட் மற்ற எழுத்துகளைத் தாமதப்படுத்தக்கூடும்.

ஒன்று மறக்கக் கூடாது: எஃப்எஸ்டிரிம் கோப்பு முறைமைக்குக் காலியாகத் தெரிவதை மட்டும்தான் விடுவிக்கும். தரவுத்தளக் கோப்புக்குள் இருக்கும் வெற்றிடம் அதற்குத் தெரியாது. அதனால் முதலில் தரவுத்தளம் தன் கோப்பைச் சுருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் வேக்யூம் ஃபுல், இன்னோடிபியில் ஆப்டிமைஸ் டேபிள், ஆரக்கிளில் டேட்டாஃபைலின் அளவைக் குறைத்தல். இவற்றில் முதல் இரண்டும் அட்டவணையின் புதுப் பிரதியை எழுதிவிட்டுப் பழையதை அழிக்கின்றன. அதாவது இடத்தை விடுவிக்கும் வேலையே முதலில் புது முகவரிகளைத் தின்னும். பூல் 98 சதவீதத்தில் இருக்கும்போது பதற்றத்தில் வேக்யூம் ஃபுல் ஓட்டினால், இடம் கிடைப்பதற்கு முன்னால் பூல் தீர்ந்துபோகலாம்.

## பூல் தீர்ந்துபோனால்

தரவுத்தளத்துக்குப் பழக்கமான "இடம் இல்லை" என்ற பிழை இதில் பெரும்பாலும் வராது. கோப்பு முறைமையைப் பொறுத்தவரை 2 டிபி காலியாக இருக்கிறது, எழுத அனுமதிக்கிறது. எழுதச் சொன்னது கீழே போய், பெரும்பாலும் டிஸ்க் பழுதானது போன்ற ஒரு பிழையாகத் திரும்புகிறது. லினக்ஸ் தின் பூல் இயல்பாக 60 விநாடி எழுத்துகளை நிறுத்திவைத்து, பூல் பெரிதாக்கப்படுகிறதா என்று பார்க்கும். அப்புறம் பிழை கொடுக்கத் தொடங்கும். கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகலாம், அல்லது முழுவதுமாக நின்றுவிடலாம். லாக்கில் எழுத முடியாத தரவுத்தளம் விழுந்துவிடும். அதே பூலில் இருக்கும் மற்ற வால்யூம்களும், அவற்றில் ஒரு தப்பும் நடக்காமலே, கூடவே விழும்.

தரவுத்தளத்தின் காலியிட எச்சரிக்கை எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லாது. பார்க்க வேண்டிய எண் பூலின் நிரம்பிய அளவும், அது நாளுக்கு எவ்வளவு கூடுகிறது என்பதும். இந்த எண் தரவுத்தளக் குழுவின் திரைக்கு வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். வால்யூமைக் கொடுக்கும் நாளிலேயே அந்த எண்ணைப் பார்க்கும் அனுமதியையும் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்கார்ட் வேலை செய்கிறதா என்பதையும் அன்றே சோதித்துவிடலாம். காலி வால்யூமில் 10 ஜிபி அளவுக்குப் பூஜ்யமில்லாத தரவை ஒரு கோப்பில் எழுதுங்கள். ஸ்டோரேஜில் எண் 10 ஜிபி கூடியதா என்று பாருங்கள். கோப்பை அழித்து எஃப்எஸ்டிரிம் ஓட்டுங்கள். எண் இறங்கினால் வழி திறந்திருக்கிறது. சில கருவிகள் பின்னணியில் மெதுவாக விடுவிக்கும் என்பதால் கொஞ்ச நேரம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு அடுக்கு செய்தியை விழுங்குகிறது. மெய்நிகர் இயந்திரத்தின் டிஸ்க் அமைப்பாக இருக்கலாம். லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் அடுக்காகவும் இருக்கலாம்: எந்த இடம் காலி என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அது டிஸ்கார்டை இயல்பாகவே கீழே விடுவதில்லை. எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பெரிய டி விருப்பத்தோடு (lsblk -D) ஓட்டினால் ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு டிஸ்கார்டை ஏற்கும் என்று வரிசையாகக் காட்டும். எந்த வரியில் அந்த எண் பூஜ்யம் ஆகிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.